80 வயதில் பாடினால் என்ன தப்பு?

"வயசாச்சு, குரலும் போச்சு. இன்னும் எதுக்கு மேடை?"

'பீட்டில்ஸ்' புகழ் பால் மெக்கார்ட்னியைப் பார்த்து இப்படிக் கேட்பவர்கள் உண்டு.

2022 ஜூன் 25. இங்கிலாந்தில் கிளாஸ்டன்பரி இசை விழா. கட்டுக்கடங்காத கூட்டம்! 80 வயது முடிந்து ஒரே வாரம் ஆன மெக்கார்ட்னி கிடாருடன் மேடை ஏறினார்.

குரல் கரகரத்தது உண்மைதான். உச்சத்தில் தடுமாறியது. காசு கொடுத்தவன் குறை சொல்லலாம்.

ஆனால் மனிதர் அசரவில்லை. கிடார், பியானோ என்று மாற்றி மாற்றி வாசித்து, இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பாடித் தீர்த்தார்!

கடைசியில் வந்ததுதான் கட்டம். திரையில் ஜான் லெனன்! 1980-ல் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்ட அதே லெனன். 1969-ல் லண்டன் மொட்டை மாடியில் பீட்டில்ஸ் பாடிய படத்திலிருந்து அவர் குரலை மட்டும் பிரித்தெடுத்திருந்தார்கள். அந்தக் குரலோடு சேர்ந்து மெக்கார்ட்னி பாடினார். கூட்டத்தை விட்டுத் திரும்பி, திரையையே பார்த்தார்.

28 வயது நண்பன் திரையில். 80 வயது நண்பன் தரையில்!

பார்த்த ரசிகனுக்குத் தொண்டை அடைத்தது. அப்போது சுருதி பார்க்க யாருக்குத் தோன்றும்?

பிசிறில்லாத குரல்தான் வேண்டுமா? பழைய ரிக்கார்டு இருக்கிறது. வீட்டில் போட்டுக் கேட்கலாம். ஆனால் பிரிந்துபோன கூட்டாளியை ஒருவர் நிமிர்ந்து பார்க்கும் அந்தப் பார்வை எந்த ரிக்கார்டில் கிடைக்கும்?

1970-ல் பீட்டில்ஸ் பிரிந்தபோது பிறக்காத பிள்ளைகளும் கூட்டத்தில் நின்று கூடவே பாடினார்கள்.

கேட்க ஆள் இருக்கிறது. பாட அவருக்கு மனசு இருக்கிறது. நடுவில் நிறுத்தச் சொல்ல நாம் யார்?