ஐரோப்பா பழைய இரும்பைப் பூட்டி வைத்தால் காரைக்கால் உலைகள் என்ன செய்யும்?

2026 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் இவற்றில் எது நுழைந்தாலும் கார்பன் கணக்கோடுதான் நுழைய முடியும். அதைத் தயாரிக்கும்போது எவ்வளவு கரியமில வாயு வெளியேறியதோ, அதற்கு இறக்குமதி செய்பவர் காசு கட்ட வேண்டும். செய்திகளில் சிபிஏஎம் என்று அடிபடுவது இதுதான். நாம் ‘கார்பன் எல்லை வரி’ என்றே வைத்துக்கொள்வோம்.

இது டாடா, ஜிண்டால் கம்பெனிகளின் தலைவலி, நமக்கென்ன என்று தோன்றலாம். காரைக்காலில் பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கும் ஆலைகள் ஐரோப்பாவை நம்பிப் பிழைப்பு நடத்தவில்லை. டிஎம்டி கம்பி இங்கேயே வீடு கட்டப் போய்விடும். ஆனால், இந்த வரியோடு கூடவே இன்னொரு ஐரோப்பிய விதி வருகிறது. அதைப் பற்றித்தான் இங்கே யாரும் அதிகம் பேசுவதில்லை. வரி வாசலில் நிற்கிறது என்றால், அந்த விதி அடுப்படிக்கே வரக்கூடியது.

ஐரோப்பாவுக்கு ஏன் இந்த அவசரம்?

முதலில் அவர்கள் பக்கத்துக் கதை. 2005-ல் ஐரோப்பா தன் ஆலைகளுக்கு கார்பன் சந்தையைக் கொண்டுவந்தது. புகை விட வேண்டுமா, அனுமதிச் சீட்டு வாங்கு. ஆனால் இரும்பு, சிமென்ட் மாதிரியான துறைகளுக்குப் பெரும்பகுதி சீட்டுகளை இலவசமாகவே கொடுத்தார்கள். காசு கேட்டால் ஆலைகள் வேறு நாட்டுக்கு ஓடிவிடும் என்ற பயம்.

அந்தப் பயம் இப்போது பல மடங்காகிவிட்டது. ரஷ்ய எரிவாயு குறைந்தபின் மின்கட்டணமும் எரிபொருள் செலவும் எகிறின. முன்னாள் இத்தாலியப் பிரதமர் மரியோ திராகி 2024 செப்டம்பரில் கொடுத்த அறிக்கை, ஐரோப்பிய நிறுவனங்கள் அமெரிக்க நிறுவனங்களைவிட மின்சாரத்துக்கு 2 முதல் 3 மடங்கு, எரிவாயுவுக்கு 4 முதல் 5 மடங்கு விலை கொடுக்கின்றன என்றது. ஆண்டுக்கு 75,000 முதல் 80,000 கோடி யூரோ வரை கூடுதல் முதலீடு தேவை என்றும் கணக்குச் சொன்னது. அடுத்த சில மாதங்களில் பிரஸ்ஸல்ஸின் பேச்சே மாறியது. ‘பசுமை’ என்ற சொல் இருந்த இடங்களில் ‘போட்டித்திறன்’ வந்து உட்கார்ந்தது. 2025 பிப்ரவரியில் வந்த தொழில் திட்டத்தின் பெயர் ‘தூய தொழில் ஒப்பந்தம்’. பெயரில் தூய்மை முதலில் வந்தாலும் உள்ளே தொழில்தான் முதலில்.

இதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆலை மூடினால் வேலை போகிறவன் எந்த ஊரிலும் தொழிலாளிதான். பிரிட்டனின் போர்ட் டால்பட்டில் டாடா தன் கடைசி ஊது உலையை 2024 செப்டம்பர் 30 அன்று அணைத்தது. அதே மாதம் அதே டாடா ஒடிஷாவின் கலிங்கநகரில் புதிய பெரிய ஊது உலையை ஏற்றியது. அங்கே அணைந்த நெருப்பு இங்கே எரிகிறது என்றால் பூமிக்கு என்ன லாபம்? எல்லை வரிக்கு ஐரோப்பா சொல்லும் நியாயம் இதுதான். அதில் உண்மை இல்லாமல் இல்லை.

வரி எவ்வளவு வரும்?

ஐரோப்பிய ஆலைகளின் இலவசச் சீட்டு குறையக் குறைய, இறக்குமதிக்கான வரி ஏறும். 2026-ல் அந்தக் குறைப்பு 2.5 சதவீதம். 2030-ல் 48.5 சதவீதம். 2034-ல் இலவசம் முழுசாகப் போய்விடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் புரிவதற்காகத்தான். ஒரு டன் எஃகுக்கு 2.5 டன் கரியமில வாயு வெளியேறுகிறது (இந்தியச் சராசரி கிட்டத்தட்ட இந்த அளவில்தான் இருக்கிறது). ஐரோப்பா வைத்திருக்கும் அளவுகோல் 1.4 டன், கார்பன் விலை டன்னுக்கு 75 யூரோ என்று வைப்போம். 2026-ல் 1.4-ல் 97.5 சதவீதம் கழியும். மிச்சம் சுமார் 1.13 டன். அதற்கு 85 யூரோ. ஒரு யூரோ 100 ரூபாய் என்றால் 8,500 ரூபாய். 2034-ல் கழிவே கிடையாது. அதே எஃகுக்கு 18,750 ரூபாய். முதல் வருடம் வெறும் 2.5 சதவீதம்தானே என்று அசட்டையாக இருந்தவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். அளவுகோலுக்கு மேலே போகும் புகைக்கு முதல் வருடத்திலிருந்தே முழு விலை.

உண்மையான கணக்கைக் காட்ட முடியாவிட்டால், ஐரோப்பாவே ஓர் உத்தேச அளவைப் போட்டு, அதன் மேல் கூடுதலும் சேர்க்கும். ஆகவே மீட்டரும் பதிவேடும் இல்லாத ஆலைக்கு அதன் சொந்தப் புகையைவிட அதிகப் புகைக்குப் பில் வரும்.

காரைக்கால் உலைக்குள் என்ன போகிறது?

இனி நம்ம ஊர். சுமார் 160 சதுர கிலோமீட்டர், சுற்றிலும் தமிழ்நாடு, நிர்வாகம் புதுச்சேரி. 1739-லிருந்து 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த ஊர். பிரெஞ்சு அதிபர் தேர்தல் என்றால் குடியுரிமை உள்ளவர்களுக்காக இங்கேயும் ஓட்டுப் பெட்டி வைக்கிறார்கள். ஐரோப்பாவின் முடிவுகள் நமக்குச் சம்பந்தமில்லை என்று காரைக்கால்காரர் அவ்வளவு லேசாகச் சொல்லிவிட முடியாது.

சின்ன ஆலைகளில் இருப்பது ஊது உலை அல்ல, மின்சாரத்தில் ஓடும் இண்டக்ஷன் உலை. இந்தியாவின் எஃகில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படிப்பட்ட உலைகளில்தான் உருகுகிறது. உள்ளே போவது இரண்டு: பழைய இரும்பு என்கிற ஸ்கிராப், இன்னொன்று ஸ்பாஞ்ச் அயர்ன். இரும்புத் தாதுவை உருக்காமல், அதிலிருந்து ஆக்ஸிஜனை மட்டும் பிரித்தெடுத்துச் செய்வது ஸ்பாஞ்ச் அயர்ன். உலகில் அதிகம் செய்வது நாம்தான், பெரும்பாலும் நிலக்கரியை வைத்து.

இந்த இடத்தில் ஐரோப்பிய விதியில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இரும்பைப் பொறுத்தவரை எல்லை வரி நேரடிப் புகையை மட்டுமே எண்ணுகிறது. உலைக்கு வரும் மின்சாரம் நிலக்கரியில் வந்ததா, சூரியனில் வந்ததா என்று இப்போதைக்குக் கேட்பதில்லை. ஆக, ஸ்கிராப்பை மட்டும் உருக்கும் இண்டக்ஷன் உலை காகிதத்தில் கிட்டத்தட்டச் சுத்தமானது. அதே உலையில் நிலக்கரி ஸ்பாஞ்ச் அயர்னைக் கூட்டினால் கணக்கு தலைகீழ். அதன் ஒவ்வொரு டன்னும் 2 டன்னுக்கும் மேற்பட்ட புகையைத் தோளில் சுமந்துகொண்டு வருகிறது. ஒரு டன் ஸ்கிராப் பயன்படுத்தினால் சுமார் 1.5 டன் கரியமில வாயு மிச்சம் என்பது உலக எஃகு சங்கத்தின் கணக்கு.

அப்போ ஸ்கிராப்பையே போட வேண்டியதுதானே? அது போதுமான அளவு இங்கே கிடைப்பதில்லை. பழைய கார், பழைய கட்டடம் எல்லாம் பணக்கார நாடுகளில்தான் குவியல் குவியலாக இருக்கின்றன. நூறு வருடமாக இரும்பு வாங்கிக் குவித்தவர்களிடம்தானே பழைய இரும்பு இருக்கும்? இந்தியா ஆண்டுதோறும் வெளிநாட்டிலிருந்து ஸ்கிராப் வாங்குகிறது. ஐரோப்பாவும் அதில் ஒரு முக்கிய வாசல்.

அந்த வாசலில் பூட்டு

அந்த இன்னொரு விதி, ஐரோப்பாவின் புதிய கழிவு ஏற்றுமதிச் சட்டம். 2024 மே மாதம் அமலுக்கு வந்தது. அதன் ஏற்றுமதிப் பிரிவு 2027 மே 21 முதல் பொருந்தும். வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடி-யில் இல்லாத நாடுகளுக்கு, அபாயமற்ற கழிவைக்கூட இஷ்டத்துக்கு அனுப்ப முடியாது. வாங்கும் நாடு விண்ணப்பித்து, ‘சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் கையாளுவோம்’ என்று நிரூபித்து, பட்டியலில் இடம்பிடிக்க வேண்டும். ஓஇசிடி-யில் இந்தியா இல்லை. சட்டப்படி ‘கழிவு’ என்று வகைப்படும் இரும்பு ஸ்கிராப்பும் இதற்குள் வரும்.

இதன் நோக்கம் நல்லதுதான். ஐரோப்பாவின் பிளாஸ்டிக் குப்பை ஏழை நாடுகளில் எரிவதை யாரும் ஆதரிக்க முடியாது. ஆனால் 2025 மார்ச்சில் வந்த ஐரோப்பிய எஃகுச் செயல்திட்டத்தைப் பார்த்தால் இன்னொரு எண்ணமும் தெரிகிறது: ஸ்கிராப் எங்கள் சொத்து, எங்கள் மின் உலைகளுக்கு வேண்டும், வெளியே போவதைக் கட்டுப்படுத்தலாமா என்று யோசிக்கிறார்கள்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு கையால் ‘உன் இரும்பில் புகை அதிகம், வரி கட்டு’ என்கிறார்கள். இன்னொரு கையால் புகை குறைந்த மூலப்பொருளைத் தங்கள் பக்கம் இழுத்து வைக்கிறார்கள். ஸ்கிராப் விலை ஏறினால் காரைக்கால் ஆலைக்காரர் உலையை அணைத்துவிட்டு உட்கார மாட்டார். ஸ்பாஞ்ச் அயர்னைக் கூட்டுவார். நிலக்கரி இன்னும் கொஞ்சம் எரியும். ஐரோப்பாவில் குறைந்த புகை ஒடிஷாவிலோ சத்தீஸ்கரிலோ கிளம்பும். எந்த ஓட்டத்தைத் தடுக்க எல்லை வரி போட்டார்களோ, அதே ஓட்டம் பின்வாசல் வழியாக. என் பார்வையில் இந்தியா பிரஸ்ஸல்ஸிடம் வரிவிலக்கு கேட்டதைவிட உரத்துக் கேட்டிருக்க வேண்டியது ஸ்கிராப்பைத்தான். 2026 ஜனவரி 27 அன்று முடிவான இந்திய–ஐரோப்பிய வர்த்தக ஒப்பந்தத்தில் எல்லை வரிக்கு விலக்கு கிடைக்கவில்லை. வேறு நாட்டுக்குச் சலுகை கொடுத்தால் நமக்கும் உண்டு என்ற உறுதி மட்டுமே.

இங்கே என்ன செய்யலாம்?

சொந்த நாட்டில் கார்பனுக்குக் காசு கட்டியிருந்தால், ஐரோப்பா அதைக் கழித்துக்கொள்ளும். அதாவது நாமே வசூலித்தால் பணம் இங்கே நிற்கும். இந்தியாவின் கார்பன் சந்தைத் திட்டம் 2023-ல் அறிவிக்கப்பட்டது. 2025 அக்டோபரில் முதல் இலக்குகள் வந்த துறைகள் அலுமினியம், சிமென்ட், காகிதம், காஸ்டிக் சோடா–குளோரின். இரும்பு அந்த முதல் வரிசையில் இல்லை. எஃகு அமைச்சகம் 2024 டிசம்பரில் ‘பசுமை எஃகு’ வரையறை கொண்டுவந்தது: டன்னுக்கு 2.2 டன் புகைக்குக் கீழே இருந்தால் 3 நட்சத்திரம், 1.6-க்குக் கீழே என்றால் 5 நட்சத்திரம். ஸ்கிராப் அதிகம் போடும் சின்ன உலைக்கு இது நல்ல வாய்ப்பு. அரசு கட்டடங்களுக்கு நட்சத்திரக் கம்பிதான் வேண்டும் என்று புதுச்சேரி அரசு டெண்டரில் ஒரு வரி சேர்த்தால் போதும், ஐரோப்பா வரை போகத் தேவையில்லை.

காரைக்காலின் தனிச் சிக்கல் இங்கே வருகிறது. தமிழ்நாடு டெல்டாவுக்கு 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கொண்டுவந்தது. அது காரைக்கால் எல்லையில் நின்றுவிட்டது. தமிழ்நாட்டின் காலநிலைத் திட்டங்களும் அப்படியே. காற்றும் கடலும் எல்லைக் கல்லைப் பார்த்து நிற்பதில்லை. கஜா புயல் அடித்தபோது நாகப்பட்டினம் எங்கே முடிகிறது, காரைக்கால் எங்கே தொடங்குகிறது என்று அது கேட்கவில்லை.

வாஞ்சூரில் உள்ள காரைக்கால் துறைமுகத்தின் முக்கியச் சரக்கு நிலக்கரி. 2023 ஏப்ரலில் அது அதானி துறைமுக நிறுவனத்தின் கைக்கு வந்தது. நிலக்கரித் தூசி வீட்டுக்குள் வருகிறது என்று வாஞ்சூர், நாகூர் மக்கள் அதற்கு முன்பிருந்தே புகார் சொல்லி வருகிறார்கள். பிரஸ்ஸல்ஸ் படிவத்தில் கரியமில வாயுவுக்குக் கட்டம் இருக்கிறது. கொடியில் காயும் துணியில் படியும் தூசிக்கு இல்லை.