கவுன்ட்டரில் ஏஜென்ட் வந்து நிற்பாரா?

"எல்லாம் ஏஜென்ட் பார்த்துக்கறார், நமக்கு ஒரு கவலையும் இல்லே!" பிள்ளையைக் கனடாவுக்குப் படிக்க அனுப்பும் அம்மாக்கள் பலர் இப்படித்தான் பெருமையாகச் சொல்கிறார்கள். கல்யாண வீடு, கோவில் பிராகாரம் என்று எங்கு போனாலும் இதே பேச்சு. ஆனால், ஏஜென்ட்டின் கை எட்டாத இடம் ஒன்று இருக்கிறது. பிள்ளை போய் இறங்கும் விமான நிலையத்தின் குடிவரவு கவுன்ட்டர்தான் அது.

பாஸ்போர்ட்டில் விசா ஒட்டி வந்ததுமே, எல்லாம் முடிந்ததென்று ஸ்வீட் கொடுத்து விடுகிறோம். உண்மையில், விசாவோடு கிடைப்பது ஓர் அறிமுகக் கடிதம்தான். 'ஸ்டடி பெர்மிட்' என்ற படிப்பு அனுமதியை, டொரன்டோவிலோ வான்கூவரிலோ இறங்கிய பிறகு, எல்லை அதிகாரிதான் பேப்பர்களைப் பார்த்துவிட்டுக் கொடுப்பார்.

"அங்கே போயே விண்ணப்பிச்சுக்கலாமாமே?" என்று கேட்பவர்களும் உண்டு. அது அமெரிக்கக் குடிமக்கள், அமெரிக்க கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் போன்ற வெகு சிலருக்கான சலுகை. நம் பிள்ளைகள் இங்கிருந்தே விண்ணப்பித்து, ஒப்புதல் வாங்கிய பிறகுதான் விமானம் ஏற வேண்டும்.

எந்தக் கல்லூரி, என்ன படிப்பு, எத்தனை வருஷம், பணத்துக்கு என்ன வழி என்று அந்த அதிகாரி கேட்கலாம். ஏஜென்ட் ஃபாரம் நிரப்பி, அப்பா பணம் கட்டி, அம்மா ஃபைல் அடுக்கி, பிள்ளை கையெழுத்து மட்டும் போட்டிருந்தால், என்ன பதில் வரும்? கல்லூரிக் கட்டணமும் பயணச் செலவும் போக, ஒருவரின் ஒரு வருஷ வாழ்க்கைச் செலவுக்கு 22,895 கனடா டாலர் காட்ட வேண்டும் என்று 2025 செப்டம்பரில் விதித்தார்கள் (கியூபெக் மாகாணத்துக்கு வேறு கணக்கு). அந்தப் பணம் எந்த பாங்கில், யார் பெயரில் இருக்கிறது என்று உங்கள் பிள்ளைக்குத் தெரியுமா?

பெண் பிள்ளைகள் பாடு இன்னும் மோசம். பாங்கானாலும் காலேஜ் ஆபீஸானாலும், "நீ சும்மா இரு, அப்பா பேசுவார்" என்று வாயை அடைத்தே வளர்க்கிறோம். ஒரே நாளில், தூக்கக் கலக்கத்தோடு, முன்பின் தெரியாத அதிகாரியிடம் தனியாக நின்று இங்கிலீஷில் பேசு என்றால் எப்படி?

"குழந்தைக்கு என்ன தெரியும்?" என்பீர்கள். தெரியாமல் இருப்பதில்தான் ஆபத்தே! 2023-ல் பஞ்சாப் மாணவர்கள் பலர் பட்ட பாடு நினைவிருக்கும். ஏஜென்ட் கொடுத்த சேர்க்கைக் கடிதம் போலி என்பது, அங்கே போய்ப் படித்து முடித்து, நிரந்தரமாகத் தங்க விண்ணப்பித்த பிறகுதான் பலருக்குத் தெரிய வந்தது. நாடு கடத்தப்படும் நிலைக்கு ஆளாகித் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அந்த ஆண்டு டிசம்பர் முதல், கடிதம் நிஜமா என்று கனடா அரசே கல்லூரியிடம் கேட்டுச் சரிபார்க்கிறது. இருந்தாலும், பிள்ளையே முதலில் கல்லூரிக்கு எழுதிக் கேட்டுக்கொள்வது நல்லதுதானே?

ஃபாரத்தைப் பிள்ளையே நிரப்பட்டும். ஏஜென்ட் சரிபார்த்தால் போதும். புறப்படும் முன் ஒருநாள் சாயங்காலம் எதிரே உட்கார்ந்து, அதிகாரி கேட்கக்கூடிய கேள்விகளை நீங்களே கேளுங்கள். நமக்கு இங்கிலீஷ் வராவிட்டால் என்ன, தமிழில் கேட்போம்!

பேப்பர்களைப் பெரிய பெட்டியில் போடாமல், கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். பெர்மிட் கைக்கு வந்ததும் பெயர், பிறந்த தேதி, கல்லூரி, முடிவுத் தேதி, பகுதிநேர வேலைக்கான வரி எல்லாம் சரியா என்று கவுன்ட்டரை விட்டு நகரும் முன்பே படித்துப் பார்க்க வேண்டும். பிழை இருந்தால், அங்கேயே கேட்டுத் திருத்திக்கொள்ளலாம். ஆசையாகக் கட்டிக் கொடுத்த ஊறுகாயையும் பருப்புப்பொடியையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

நகையை அடகு வைத்தாவது பணம் புரட்டி விடுகிறோம். கூடவே, நாலு கேள்விக்குத் தானே நின்று பதில் சொல்லும் தைரியத்தையும் கொடுத்து அனுப்பலாமே! என்ன சொல்கிறீர்கள், தோழிகளே?

– ஒரு வாசகி, கும்பகோணம்.