பேயா, விஞ்ஞானமா?



பேய்க் கதையைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், "ஏம்ப்பா, பாலிடெக்னிக் மலருக்கு வேற விஷயமே கிடைக்கலியா?" என்றார்கள் சிலர். நமக்கு ரொம்பப் பொருத்தமான விஷயமே இதுதான் என்பது என் கட்சி.

சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' குமுதத்தில் தொடர்கதையாக வந்த நாவல். ஒரு பெரிய பங்களா, சொத்துக்கு வாரிசான லீனா, இருட்டில் தெரியும் ஓர் உருவம், நடுவில் மாட்டிக்கொள்ளும் வக்கீல்கள் கணேஷ், வசந்த். இதில் பயம் வருவது கொலை நடக்கிற இடத்தில் அல்ல. 'இதுக்கு என்னதான் காரணம்?' என்று நாமே யோசிக்கிற இடத்தில்தான் முதுகு சில்லிடுகிறது.

யோசனை ஹாலோகிராம் வரை போகிறது. லேசர் கதிரை இரண்டாகப் பிரித்து, ஒன்றைப் பொருளின் மேல் பட வைத்து, இரண்டும் மறுபடி கலக்கும் கோலத்தைத் தகட்டில் பதித்தால் முப்பரிமாண உருவம் கிடைக்கும். டென்னிஸ் காபருக்கு 1971-ல் நோபல் பரிசு வாங்கித் தந்த சங்கதி. பாடப் புத்தகத்தில் தூக்கம் வரவழைக்கும் இதையே தூக்கம் கெடுக்கும்படி எழுதியவர், பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்த ஒரு இன்ஜினீயர்! 2008-ல் அவர் மறைந்தார். கதை இன்னும் பழசாகவில்லை.

புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' (1943) இன்னொரு ரகம். சாதாரண வீடு, சாதாரணப் புருஷன் பெண்டாட்டி. வேலைக்கு வந்து சேரும் ஒருத்தி. விளக்கம் எதுவும் கிடையாது. சந்தேகம் மட்டும் நம்மோடு வீட்டுக்கு வந்துவிடும்.

இந்தச் சந்தேகம் நல்லது என்கிறேன் நான். புத்தகப் பேய் நம்மைக் கேள்வி கேட்க வைக்கிறது. ஊர்ப் பேயோ கேள்வியை அடக்குகிறது. நம் மண்ணாடிப்பட்டுப் பக்கம் ஆளில்லாத பழைய வீடு ஒன்று இருந்தால் போதும், கதை கட்டிவிடுவார்கள். அதனால் நஷ்டம் யாருக்கு? சாயங்கால லேப் முடித்து வரும் நம் தோழிகளுக்கு. "அந்தப் பக்கம் போகாதே" என்பது நாலு நாளில் "படிக்கவே போகாதே" என்று ஆகிவிடும். அங்கே தேவைப்படுவது மந்திரவாதி இல்லை. எரிகிற ஒரு தெருவிளக்கு. எலெக்ட்ரிகல் மாணவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டுமா?

எனவே நண்பர்களே, பேய்க் கதை படியுங்கள், நன்றாகப் பயப்படுங்கள். மறுநாள் காலையில் கணேஷைப் போல காரணத்தைத் தேடிப் புறப்படுங்கள்!