வெள்ளிக்கிழமை என்று ஒரு பெண்

நான் கணக்குப் பார்க்கப் போகும் ஓர் ஆபீஸில் நண்பர் ஒருவர் இருக்கிறார். மத்தியானம் தயிர்சாத டப்பாவைத் திறக்கிறாரோ இல்லையோ, செல்போனைத் திறந்துவிடுவார். போன வாரம் அப்படித் திறந்தவர், "ஸார், இந்தப் பொண்ணைப் பாருங்களேன்!" என்று நீட்டினார்.

'பொண்ணு' என்ற சத்தம் கேட்டதும் பக்கத்து மேஜைகளிலிருந்து நாலு தலைகள் எட்டிப் பார்த்தன. ஏமாற்றம்தான். அந்தப் பெண் ஒரு லைஃப் ஜாக்கெட்டுக்குள் இருந்தார். தவிர, தலைகீழாகவும் இருந்தார். கீழே ஏரி. கால் இரண்டும் ஒரே பலகையில் மாட்டியிருக்க, கையில் ஒரு கயிறு. அடுத்த விநாடி நேராகி, தண்ணீரில் இறங்கி, ஒன்றுமே நடக்காத மாதிரி போய்க்கொண்டிருந்தார்.

"பேர் என்ன?" என்றேன்.

"டல்லஸ் ஃப்ரைடே."

"ஊரைக் கேக்கலை, கிழமையும் கேக்கலை. பேரைக் கேட்டேன்."

"அதான் ஸார் பேரே!"

விசாரித்ததில் நிஜம்தான். அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்துக்காரர். 1986-ல் பிறந்தவர். வாரம் பூராவும் வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்று காலண்டரைப் பார்க்கும் நம் வர்க்கத்துக்கு, ஒருவர் வெள்ளிக்கிழமையாகவே பிறந்திருக்கிறார் என்பது பொறாமைக்குரிய விஷயம்.

இவர் ஆடும் ஆட்டத்துக்குப் பெயர் வேக்போர்டிங். விசைப்படகு வேகமாகப் போனால் பின்னால் தண்ணீர் இரண்டு பக்கமும் வரப்பு கட்டின மாதிரி எழும்புகிறது அல்லவா, அதுதான் 'வேக்'. படகில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பலகையில் பக்கவாட்டில் நின்றபடி, அந்த வரப்பில் ஏறி அந்தரத்தில் எகிறி, குட்டிக்கரணம் அடித்து, அடுத்த வரப்புக்கு அந்தப் பக்கம் இறங்க வேண்டும். கயிற்றின் நீளம் சுமார் இருபது மீட்டரிலிருந்து இருபத்தைந்து வரை. படகின் வேகம் மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மேலே. 'இவ்வளவுதானா, என் ஸ்கூட்டரே போகுமே' என்று நினைக்காதீர்கள். ஸ்கூட்டரில் நீங்கள் தலைகீழாக உட்காருவதில்லை.

வரப்பு பெரிதாக இருந்தால்தான் அதிக உயரம் போகலாம். அதற்காகப் படகின் எடையைக் கூட்டுகிறார்கள். எப்படி? உள்ளே இருக்கும் தொட்டிகளிலும் பைகளிலும் ஏரித் தண்ணீரையே பம்ப் வைத்து நிரப்பி! படகுக்குள் தண்ணீர் வந்தால் நாம் குலதெய்வத்தைக் கூப்பிடுவோம். இவர்கள் மோட்டார் போட்டு வரவழைக்கிறார்கள். இதற்கென்றே செய்த புதுப் படகு இன்றைக்கு ஒரு லட்சம் டாலரைச் சுலபமாகத் தாண்டும். அதாவது, விளையாட ஆரம்பிக்கும் முன்னாலேயே சொத்தை எழுதி வைக்க வேண்டிய விளையாட்டு.

இதில் 'ஹாண்டில் பாஸ்' என்று ஒரு சமாசாரம் உண்டு. அந்தரத்தில் சுழலும்போது, இழுத்துக்கொண்டிருக்கும் கயிற்றின் கைப்பிடியை முதுகுக்குப் பின்னால் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொள்வது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி பின்பாக்கெட்டிலிருந்து சில்லறை எடுக்கவே நமக்கு இரண்டு ஸ்டாப்பிங் ஆகிறது.

தப்பினால்? பலகையின் விளிம்பு தண்ணீரில் குத்திக்கொண்டால் பலகை நின்றுவிடும், ஆள் நிற்க மாட்டார். முகத்தில் பளார் என்று ஓர் அறை. அந்த வேகத்தில் தண்ணீர் என்பது தண்ணீர் அல்ல, சிமெண்ட் தரை. காது ஜவ்வு, முழங்கால் தசைநார், மண்டைக்குள் அதிர்ச்சி என்று இந்த விளையாட்டுக்காரர்களின் மெடிக்கல் ஃபைல் நம் இன்கம்டாக்ஸ் ஃபைலைவிட கனமாக இருக்கும்.

டல்லஸ் ஃப்ரைடே சின்ன வயதில் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகியவர். அந்தரத்தில் தலை எங்கே, கால் எங்கே என்ற கணக்கு அங்கேயே கைவந்துவிட்டது. பிறகு தண்ணீருக்கு வந்தார். வசதியான ஊர்தான். மத்திய ஃப்ளோரிடாவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏரி. ஆர்லாண்டோ வட்டாரம் உலகம் முழுக்க இருக்கிற வேக்போர்டுக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு வந்து தங்கும் ஸ்தலம்.

எக்ஸ் கேம்ஸ் என்று சாகச விளையாட்டுகளுக்கான பெரிய போட்டி ஒன்று இருக்கிறது. அப்போது டி.வி.க்காரர்கள் நடத்தி வந்தது. அதில் பெண்களுக்கான வேக்போர்டு 1997-ல் ஆரம்பித்தபோது முதல் தங்கம் டாரா ஹாமில்டனுக்கு. 2001-ல் டல்லஸ் ஃப்ரைடே தங்கம் வாங்கினார். அப்போது வயது பதினாலு! பதினாலு வயதில் நான் காம்பவுண்ட் இன்ட்ரஸ்ட்டில் ஃபெயிலாகிக்கொண்டிருந்தேன். மறுபடி 2003, 2004, 2005 என்று வரிசையாக மூன்று தங்கம். 2004-ல் சிறந்த சாகச விளையாட்டு வீராங்கனை என்று 'எஸ்பி' விருது வேறு.

இந்த இடத்தில் நண்பர் தயிர்சாதத்திலிருந்து நிமிர்ந்தார்.

"சரி ஸார், நாலு தங்கம். அப்புறம் என்ன? ஒலிம்பிக்ஸா?"

அதுதான் இல்லை. வேக்போர்டிங் ஒலிம்பிக்ஸில் கிடையாது. அதைவிட வேடிக்கை, 2005-க்குப் பிறகு எக்ஸ் கேம்ஸிலேயே வேக்போர்டிங்கைத் தூக்கிவிட்டார்கள். பதினெட்டு வயதில் நாலாவது தங்கத்தை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தால், ஏறி வந்த ஏணியைக் காணோம்!

ஒலிம்பிக்ஸ் கதை இன்னும் சோகம். 2020 ஒலிம்பிக்ஸில் சேர்க்கலாமா என்று பரிசீலிக்க 2011-ல் எட்டு விளையாட்டுகளின் பட்டியல் வந்தது. அதில் வேக்போர்டும் இருந்தது. படகு இல்லாமல், ஏரிக்கு மேலே கம்பங்கள் நட்டு, ஓடும் கேபிளில் இழுக்கும் முறையைக் காட்டி உள்ளே நுழையப் பார்த்தார்கள். ப்ரூனோ ரிக்ஸன் என்ற ஜெர்மன் எஞ்சினீயர் 1960-களில் தண்ணீர்ச் சறுக்குக்காகச் செய்து வைத்த ஏற்பாடு அது. படகுச் செலவு மிச்சம். ஆனால் 2013-ல் பட்டியலை மூன்றாகக் குறைத்தபோது வேக்போர்டு அவுட். கடைசியில் இடம் பிடித்தது, அந்த வருஷத் தொடக்கத்தில் நீக்குவதாகச் சொல்லப்பட்ட மல்யுத்தம்!

டோக்கியோவில், 2021-ல் நடந்த அந்த ஒலிம்பிக்ஸில், பிற்பாடு ஸர்ஃபிங்கும் ஸ்கேட்போர்டிங்கும் சேர்ந்துகொண்டன. பனியில் விளையாடும் ஸ்னோபோர்டிங் 1998-லேயே குளிர்கால ஒலிம்பிக்ஸுக்குள் போய்விட்டது. வேக்போர்டிங் என்பது இந்த மூன்று பேருக்கும் நெருங்கின சொந்தம். பெரியப்பா, சித்தப்பா, அத்தை வீட்டுக்கெல்லாம் கல்யாணப் பத்திரிகை வந்துவிட்டது. இவர்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை.

ஆனாலும் டல்லஸ் ஃப்ரைடே பலகையைக் கழற்றிப் பரண்மேல் போடவில்லை. டி.வி. காமிரா போனபின்னும் தொழில்முறைப் போட்டிகளில் வருஷக்கணக்காக ஆடினார். எலும்பு முறிந்து தண்ணீரைக் கரையிலிருந்து பார்க்க வேண்டிய காலமும் வந்தது. தேறித் திரும்பி வந்தார். இந்த விளையாட்டில் பெண்களுக்குப் பரிசுப் பணம் ஆண்களைவிடக் குறைவாகவே இருந்து வந்திருக்கிறது. பலகைக் கம்பெனி, படகுக் கம்பெனி தயவில்தான் ஜீவனம். ஆனால் ஆணுக்கும் பெண்ணுக்கும் தண்ணீர் ஒரே கெட்டிதான். அறை விழும்போது தள்ளுபடி கிடையாது.

"அப்ப எதுக்கு ஸார் குதிக்கணும்?" என்றார் நண்பர்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. ஏனென்றால் இதே கேள்வியைப் போன மாதம் நானே கேட்டிருக்கிறேன்.

என் அக்கா மகளுக்குப் பதிமூணு வயசு. ரோலர் ஸ்கேட்டிங் போட்டியில் மூன்றாவதாக வந்து, மெடலைக் கழுத்தில் போட்டபடியே எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் மெடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரிம்மா, அப்புறம் என்ன? ஸ்டேட்டா, நேஷனலா? ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ஏதாவது கிடைக்குமா?" என்றேன்.

"தெரியலை மாமா" என்றாள். மெடலைக் கழற்றி ஸ்கூல் பைக்குள் போட்டு ஜிப்பை மூடினாள். அந்த ஜிப் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

பி.காம். படித்தவர்களுக்குத் தெரியும், 'குட்வில்' என்று ஒரு சொத்து உண்டு. ஒரு கடை பாடுபட்டுச் சம்பாதித்த நல்ல பெயர். ஆனால் அதைத் தானே சம்பாதித்தால் ஐந்தொகையில் காட்டக் கூடாது. வேறு யாராவது காசு கொடுத்து வாங்கினால்தான் கணக்கில் ஏறும். கணக்கு எழுத அது சரியான விதி. தப்பு சொல்ல மாட்டேன். நான் செய்த தப்பு, அதே விதியைக் கொண்டுபோய் ஒரு பதிமூணு வயசுப் பெண்ணிடம் நீட்டியது. கோட்டா வாங்கினால், ஒலிம்பிக்ஸ் வாங்கினால், கம்பெனி வாங்கினால்தான் அவள் கற்றதற்கு மதிப்பு. இல்லாவிட்டால் கணக்கிலேயே இல்லை!

டல்லஸ் ஃப்ரைடேயின் நாலு தங்கத்தை ஒலிம்பிக்ஸ் வாங்கவில்லை. அதனால் அந்தரத்தில் அவர் போட்ட சுழற்சிகள் நடக்காமலா போய்விட்டன? அடுத்த தடவை அதே வரப்பில் இன்னும் கொஞ்சம் உயரமாக எகிற வேண்டும் என்பதும் ஒரு லட்சியம்தான். அதற்கு யாரும் ஏணி போட்டுத் தர வேண்டியதில்லை, யாரும் பிடுங்கவும் முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். மெடல் எங்கே என்று கேட்கவில்லை. கோட்டா பற்றி மூச்சு விடவில்லை. "ஏம்மா, அந்தக் கடைசி வளைவுல எல்லாரும் வழுக்குவாங்கன்னு சொன்னியே, நீ மட்டும் எப்படி விழாம திரும்பினே?" என்றேன்.

என்னைச் சந்தேகமாக ஒரு பார்வை பார்த்தாள். பிறகு இரண்டு டம்ளர்களையும் சர்க்கரை டப்பாவையும் இழுத்து மேஜைமேல் வைத்து, "இதுதான் டிராக்னு வச்சுக்கோங்க மாமா..." என்று ஆரம்பித்தாள்.

முக்கால் மணி நேரம். காபி ஆறிவிட்டது. ஏனென்றால், எனக்கான டம்ளர் இரண்டாவது வளைவில் இருந்தது.