இதணம் எந்த மரத்தில் இருந்தது?

இதணம், பணவை, கழுது என்ற மூன்று சொற்களுக்கும் சங்கப் பாடல்களை விளக்க வருவோர் தரும் பொருள் ஒன்றே: பரண். அதை எழுதிவிட்டு அவர்கள் நகர்ந்துவிடுகிறார்கள். நாமும் பின்னாலேயே நகர்கிறோம். தலைவி அதில் ஏறித் தினைப்புனத்தில் கிளி ஓட்டுவாள், தலைவன் வேட்டையாடுபவனைப் போல் வந்து நிற்பான், பிறகு காதல். பரணுக்கு அதற்கு மேல் அங்கே வேலையில்லை. நாடக மேடையில் போட்ட பலகை போல அது கிடக்கிறது. இந்த வாசிப்பைச் சோம்பேறித்தனம் என்று சொல்வதற்கு நாம் தயங்கப் போவதில்லை.

குறிஞ்சிப்பாட்டைப் பாருங்கள். பரணில் காவல் இருக்கும் ஆளுக்குக் கபிலர் தரும் பெயர் சேணோன், உயரத்தில் இருப்பவன். மரத்தின் மேல் அவன் கட்டிய இதணத்தைக் கண்டு புலியும் அஞ்சும் என்கிறார். கிளி ஓட்டும் கருவிகளாகத் தழல், தட்டை, குளிர் என்று பெயர் சொல்லிப் பட்டியலும் தருகிறார். பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு உ.வே. சாமிநாதையர் 1889இல் பதிப்பித்தார். அதற்குப் பின் வந்த ஆய்வுகளில் உள்ளுறைக்கும் இறைச்சிக்கும் கொட்டிய மையில் ஒரு துளியாவது அந்த இதணத்துக்குக் கிடைத்ததா? எந்த மரம், எவ்வளவு உயரம், காற்றுக்கு எந்தப் பக்கம் என்று யாராவது கேட்டார்களா?

கேட்டிருக்க வேண்டும். காரணம் வில். துப்பாக்கிக்காரன் எங்கே உட்கார்ந்தாலும் ஒரு வழி கிடைத்துவிடும். அம்புக்கு இருபது, இருபத்தைந்து கஜம்தான் நம்பகமான தூரம். மான் அந்த வட்டத்துக்குள் தானாக வந்தாக வேண்டும். ஆகவே வில்லாளியின் கலையில் பாதி, எந்த மரத்தில் ஏறுவது என்று முடிவு செய்வதிலேயே அடங்கிவிடுகிறது. மானின் படுக்கைக்கும் மேய்ச்சலுக்கும் இடையிலுள்ள தடம், தண்ணீர், உப்பு மண், உதிரும் கனி, இவற்றை அறிந்த பிறகுதான் மரம். பரண் தாழ்ந்தால் மான் பார்த்துவிடும். மிக உயர்ந்தால் அம்பு செங்குத்தாக இறங்கும், நெஞ்சுப் பகுதி குறுகிய இலக்காகிவிடும். கிளையும் தாங்க வேண்டும் (முருங்கையில் ஏறித் தங்கியது வேதாளம் மட்டுமே). அமெரிக்காவில் இன்றும் வில்வேட்டைக்காரர்கள் மரத்தில் இருக்கை கட்டி, இடுப்பிலும் தோளிலும் வார் மாட்டிக்கொண்டு, இதே கணக்கைத்தான் போடுகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலானது காற்று. மானுக்குக் கண்ணைவிட மூக்கு பெரிது. கம்பம் பள்ளத்தாக்கின் மலையடிவாரங்களில் சற்றுக் கவனித்து நடந்தவர்களுக்கு இது புரியும். வெயில் ஏற ஏறச் சரிவு சூடாகிக் காற்று மலைமேல் ஏறும். பொழுது சாய்ந்ததும் குளிர்ந்த காற்று பள்ளத்தை நோக்கி இறங்கும். மாலையில் சரிவிலிருந்து இறங்கும் மிளாவுக்காகக் காத்திருப்பவன் தடத்துக்குக் கீழ்ப்புறம் இருக்க வேண்டும், காலையில் மேற்புறம். ஆனி, ஆடியில் மேல்காற்று கணவாய் வழியே பாய்ந்து வரும்போது இந்தக் கணக்கெல்லாம் மாறிவிடும். ஒரே தடத்துக்கு ஒரே மரம் போதாது என்பது இதனால்தான்.

இனிக் கலித்தொகையின் 41ஆம் பாடலை எடுத்துக்கொள்வோம். நள்ளிரவு, இடி, மின்னலே விளக்கு. பிடியோடு மேயும் யானையின் காலடி ஓசையைக் கானவன் கேட்கிறான். ஆசினி மரத்துப் பணவையில் ஏறிக் கவண்கல் வீசுகிறான். கல் வேங்கைப் பூவைச் சிதறடித்து, ஆசினியின் கனிந்த பழங்களை உதிர்த்து, தேன்கூட்டைத் துளைத்து, மாவின் கொத்தைக் கலைத்து, வாழை மடலைக் கிழித்து, பலாப்பழத்துக்குள் போய்த் தங்குகிறது. உயர்வு நவிற்சி என்று சொல்லி இதைக் கடந்துவிடுவது வழக்கம். அப்படியே இருக்கட்டும். ஆனால் கல் போகும் வழி ஒரு வரைபடமும் அல்லவா? பரணைச் சுற்றி என்ன நிற்கிறது, விலங்கு எதைத் தேடி வரும் என்பதெல்லாம் வரிசையாக இருக்கிறது. பலாவை யானை விடாது என்பது மலையடிவாரத்தில் குழந்தைக்கும் தெரியும். கவிஞர் கற்பனையை ஓடவிட்டது கல்லின் வேகத்தில்தான். மரங்களில் அல்ல.

அந்த ஆசினி எது? அகராதிகள் ஈரப்பலா என்கின்றன. இன்று அந்தப் பெயரில் நாம் அறிவதோ பசிபிக் தீவுகளிலிருந்து வந்த மரம். சங்கக் கவிஞர் அதைப் பார்த்திருக்க வழியில்லை. மேற்கு மலைகளுக்கே உரிய, நெடிதுயர்ந்து வளரும் காட்டுப்பலா ஒன்று உண்டு. மலையாளத்தில் ஆஞ்ஞிலி, அயினி என்பார்கள். நாம் அதன் பக்கம்தான் நிற்கிறோம். மறுப்போர் வேறொரு மரத்தைக் காட்டட்டும்.

தலைவன் புனத்தருகே வந்து, என் அம்பு பட்ட விலங்கு இவ்வழி வந்ததா என்று கேட்கும் துறைக்குக் கெடுதி வினாதல் என்று பெயர். பேச்சுத் தொடங்க ஒரு சாக்கு என்று வகுப்பறைகளில் சிரிக்கிறோம். சாக்குதான், ஆனால் நம்பக்கூடிய சாக்கு. அம்பு பட்ட மான் பெரும்பாலும் நின்ற இடத்தில் விழாது. ஓடும், வில்லாளி பொறுத்திருந்து குருதித் தடம் பார்த்துப் போக வேண்டும். அப்படித் தேடிப் போகிறவன் பயிர்க்கொல்லையில் விசாரிப்பது இயல்பு. வேட்டை தெரிந்த சமூகத்திடம்தான் இந்தப் பொய் செல்லுபடியாகும்.

நிற்க. வேட்டைக்குக் கொடி பிடிக்கிறீர்களா என்று கேட்பவர்கள் உண்டு. 1972ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மேகமலைக் காடுகள் 2021இல் திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தில் சேர்ந்துவிட்டன. மான் வேட்டை குற்றம், குற்றமாகவே இருக்கட்டும். நாம் பேசுவது அம்பைப் பற்றியல்ல, மரத்தைத் தேர்ந்த அறிவைப் பற்றி. நீர்நிலையருகே பரணில் அமர்ந்து விலங்குகளை எண்ணுபவருக்கும், தானியங்கிக் கேமராவைத் தடங்கள் கூடுமிடத்து மரத்தில் கட்டும் வனக்காவலருக்கும் அதே அறிவுதான் வேண்டும். அது பளியர் போன்ற மலைமக்களிடம் இருந்தது, இன்னும் மிச்சம் இருக்கிறது. நாமோ அவர்களை விட்டுவிட்டு நிகண்டுகளிடம் போகிறோம்.

பயிர்க்காவலையும் பார்க்க வேண்டும். பரணில் ஒரு மனிதன் விழித்திருந்தாக வேண்டும். வருவது பன்றியா யானையா என்று பார்த்தாக வேண்டும். கல்லா, தீப்பந்தமா, வெறும் கூச்சலா என்று முடிவெடுத்தாக வேண்டும். இன்று அந்த இடத்தில் திருட்டு மின்சாரம் பாய்ச்சிய கம்பி வந்திருக்கிறது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே அப்படியொரு கம்பியில் மூன்று யானைகள் மாண்டன. இரண்டு குட்டிகள் தப்பின. கம்பி கட்டிய விவசாயியின் நெருக்கடி நமக்குத் தெரியாததல்ல. இரவெல்லாம் கண்விழிக்க வீட்டில் ஆளில்லை, கூலிக்கு அமர்த்தக் காசில்லை. ஆனால் பரணை வெறும் காதல் மேடையாகப் படித்து வளர்ந்த நம்மைப் போன்றவர்களுக்கு, அது கழன்றுபோனபோது என்ன கழன்றது என்பதே தெரியவில்லை. கலித்தொகையை அடுத்துப் பதிப்பிக்கப் போகிறவர் பணவை என்ற சொல்லுக்குக் கீழே பரண் என்று மட்டும் போட வேண்டாம். மலையடிவாரத்தில் இன்னும் பரண் கட்டத் தெரிந்த ஒருவரை அழைத்துப் பாடலை வாசித்துக் காட்டி, கல் எந்தத் திசையில் போயிருக்கும் என்று கேட்டு எழுதட்டும்.