ஐந்தாவது வீரர் எங்கே?

2023 ஆகஸ்டில் ஹங்கேரித் தலைநகர் புடாபெஸ்டில் நடைபெற்ற உலகத் தடகளப் போட்டியில், ஆடவர் 4×400 மீட்டர் தொடர் ஓட்டத்தின் தகுதிச் சுற்றை இந்திய அணி 2 நிமிடம் 59.05 விநாடிகளில் ஓடி முடித்தது. அமெரிக்காவுக்கு அடுத்த இடம். முகமது அனஸ், அமோஜ் ஜேக்கப், முகமது அஜ்மல், தமிழகத்தின் ராஜேஷ் ரமேஷ் ஆகிய நால்வர் படைத்த அது அன்றைய ஆசியச் சாதனை. இறுதிச் சுற்றில் ஐந்தாம் இடம் பெற்ற அதே நால்வர், சில வாரங்களில் ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றனர். 1962 ஜகார்த்தா போட்டிக்குப் பிறகு இந்தப் பிரிவில் இந்திய ஆடவருக்குக் கிடைத்த முதல் தங்கம் அது.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 2025 செப்டம்பரில் டோக்கியோவில் நடைபெற்ற உலகத் தடகளப் போட்டிக்குச் சென்ற இந்தியக் குழுவில் ஒரு தொடர் ஓட்ட அணிகூட இடம்பெறவில்லை. உலகின் ஐந்தாவது அணி இரண்டே ஆண்டுகளில் களத்திலேயே இல்லாமல் போனது எப்படி?

விடை தேட வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. 2024 மே மாதம் பஹாமாஸ் நாட்டின் நாசாவ் நகரில் நடந்த உலகத் தொடர் ஓட்டப் போட்டியே அதைச் சொல்லிவிட்டது. 2014-இல் இதே நகரில் தொடங்கப்பட்ட இப்போட்டிதான், பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒவ்வொரு தொடர் ஓட்டத்திலும் பங்கேற்கும் 16 அணிகளில் 14 அணிகளைத் தீர்மானித்தது. முதல் நாள் ஓட்டத்தின் நடுவே ராஜேஷ் ரமேஷுக்குத் தசைப்பிடிப்பு ஏற்பட, இந்திய ஆடவர் அணியால் ஓட்டத்தை முடிக்க முடியவில்லை. மறுநாள் கிடைத்த இரண்டாவது வாய்ப்பில் அணியில் சேர்க்கப்பட்டவர் திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்த ஆரோக்கிய ராஜீவ். அணி இரண்டாமிடம் பெற்று ஒலிம்பிக் தகுதியும் பெற்றது. மகளிர் அணியும் அதே நாளில் தகுதி பெற்றது. அதில் ஓடியவர்களுள் ஒருவர் கர்நாடகத்தின் எம்.ஆர். பூவம்மா.

ராஜீவ், பூவம்மா இருவருமே 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலம் வென்றவர்கள். பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் தேசத்துக்குக் கைகொடுத்த அவர்களது உழைப்பு போற்றுதலுக்குரியது. அதேவேளையில், நூற்று நாற்பது கோடி மக்கள் வாழும் நாட்டில் நெருக்கடி வரும்போது மீண்டும் அவர்களையே அழைக்க வேண்டியிருந்தது ஏன் என்கிற கேள்வியை விளையாட்டு நிர்வாகிகள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். பாரிஸில் இரு அணிகளும் முதல் சுற்றோடு வெளியேறின. புடாபெஸ்டில் இந்தியா படைத்த ஆசியச் சாதனையை அதே பாரிஸில் ஜப்பான் முறியடித்தது.

தொடர் ஓட்டத்தில் ஓடுவது நால்வர். ஆனால், ஓர் அணியின் உண்மையான பலம் ஐந்தாவது, ஆறாவது வீரரிடம்தான் இருக்கிறது. போட்ஸ்வானா இதற்குச் சான்று. 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம், 2024 பாரிஸில் வெள்ளி, 2025 உலகப் போட்டியில் தங்கம் என்று அந்த நாட்டின் ஆடவர் அணி படிப்படியாக உயர்ந்தது. வெண்கலம் வென்ற நால்வரில் தங்கம் வென்ற அணியிலும் ஓடியவர் பயாபோ ந்டோரி ஒருவர் மட்டுமே. மற்ற மூவரும் மாறிய பிறகும் அணி தளரவில்லை. அந்த நாட்டின் மொத்த மக்கள்தொகை சுமார் 24 லட்சம்தான். 2011 கணக்கெடுப்பின்படி மைசூரு மாவட்டத்தின் மக்கள்தொகையே 30 லட்சம்.

மைசூரைக் குறிப்பிடுவதற்குக் காரணம் இருக்கிறது. 1610-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உடையார் மன்னரால் தொடங்கப்பட்டு, பின்னர் மைசூருக்கு இடம்பெயர்ந்த தசரா விழாவின் ஓர் அங்கமாக இன்று விளையாட்டுப் போட்டிகளும் நடத்தப்படுகின்றன. தாலுகா, மாவட்டம், மண்டலம் என்று தேர்வாகி வருவோர் மைசூரு சாமுண்டி விகார் அரங்கில் மாநில அளவில் மோதுகிறார்கள். தமிழகத்தில் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளும் இதேபோல மாவட்டத்திலிருந்து மாநிலத்துக்கு வழி வகுக்கின்றன. படிக்கட்டு இல்லை என்று கூறிவிட முடியாது. விழா முடிந்ததும் பந்தலைப் பிரிப்பதுபோல அந்தப் படிக்கட்டையும் பிரித்துவிடுகிறோம் என்பதுதான் குறை. தாலுகா அளவில் வென்ற சிறுமிக்கு அடுத்த பதினோரு மாதங்களுக்கு ஒரு பயிற்சியாளரும், ஓடுதளமும், சத்தான உணவும் உறுதி செய்யப்படாவிட்டால், அவர் பெற்ற கோப்பை வீட்டு அலமாரியோடு நின்றுவிடும்.

திறமைக்குப் பஞ்சமில்லை. 2022-இல் கொலம்பியாவின் காலி நகரில் நடந்த 20 வயதுக்கு உட்பட்டோருக்கான உலகப் போட்டியில், பரத் ஸ்ரீதர், பிரியா மோகன், கபில், ரூபல் சௌத்ரி ஆகியோர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் வெள்ளி வென்றனர். ஆனால் இரண்டு ஆண்டுகள் கழித்து நாசாவில் ஒலிம்பிக் தகுதியைப் பெற்றுத்தந்த அணிகளில் அவர்களுள் ரூபல் மட்டுமே இருந்தார். இளையோர் களத்திலிருந்து முதியோர் களத்துக்கு வரும் வழியில் வீரர்கள் தொலைந்துபோகிறார்கள்.

இருப்பவர்கள் வெகு சிலர் என்னும்போது குறுக்குவழியின் மீதான கவர்ச்சியும் அதிகரிக்கிறது. 2010-இல் தில்லி காமன்வெல்த் போட்டியிலும் குவாங்சௌ ஆசிய விளையாட்டிலும் தங்கம் வென்ற மகளிர் தொடர் ஓட்ட நால்வரில் மூவர், அடுத்த ஆண்டே ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி இரண்டு ஆண்டுத் தடைக்கு ஆளானதை நாடு மறந்துவிடக் கூடாது. மாற்று வீரர்கள் பலர் காத்திருக்கும் அணியில், காயத்தையும் களைப்பையும் மறைத்து மருந்தைத் தேட வேண்டிய நிர்ப்பந்தம் குறையும்.

2030 காமன்வெல்த் போட்டியை நடத்தும் உரிமையை ஆமதாபாத் பெற்றிருக்கிறது. 2036 ஒலிம்பிக்கை நடத்தவும் இந்தியா விருப்பம் தெரிவித்திருக்கிறது. பெரும் அரங்குகளைக் கட்டுவது நாட்டுக்குப் பெருமைதான். ஆனால், அரசியல் சட்டத்தின்படி விளையாட்டு மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். வீரர்களை உருவாக்கும் பொறுப்பு மாநிலங்களிடமும், நிதியும் தேர்வும் தில்லியிடமும் இருக்கும்போது, வீரர்களைத் தரும் மாவட்டங்களுக்கு அந்த நிதி போய்ச் சேர வேண்டும் என்று மாநிலங்கள் வலியுறுத்துவது நியாயமே. மாவட்டந்தோறும் நிரந்தரத் தடகளப் பயிற்சியாளர், இளையோர் பதக்கம் வென்றவர்களுக்குக் குறைந்தது நான்கு ஆண்டுகள் தொடர் உதவி, தேசிய அணிக்கு இணையாக ஆண்டு முழுவதும் ஒன்றாகப் பயிற்சி பெறும் இரண்டாவது அணி ஆகிய மூன்றும் ஓர் அரங்கம் கட்டுவதைவிடச் செலவு குறைந்தவை.

நம்பிக்கைக்கு இடமிருக்கிறது. 2025 மே மாதம் தென் கொரியாவின் குமி நகரில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியின் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்குத் தங்கம் பெற்றுத்தந்த நால்வரில் சந்தோஷ் குமார், விஷால், சுபா வெங்கடேசன் ஆகிய மூவர் தமிழகத்தைச் சேர்ந்தவர்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னையில் 400 மீட்டரை 45.12 விநாடிகளில் ஓடிய விஷால், அனஸ் ஆறு ஆண்டுகளாகத் தன்வசம் வைத்திருந்த தேசியச் சாதனையை முறியடித்தார். அவரோடு ஓட இன்னும் மூவரைத் தேடுவதோடு தடகளச் சம்மேளனத்தின் கடமை முடிந்துவிடாது. அந்த நால்வரில் ஒருவர் தசைப்பிடிப்பால் தடுமாறும் நாளில் யார் ஓடுவார் என்பதை இன்றே முடிவு செய்யாவிட்டால், புடாபெஸ்ட் வெறும் நினைவாகவே எஞ்சும்.