விண்கலத்துக்குச் சிறகு எதற்கு?

கண்டக்குழிக் கரையில் ஒதுங்கிய உருண்டை வலைமிதப்பு ஒன்று, என் மாணாக்கன் கையில் விண்கலத்தின் தலையாயிற்று. நடுத்தண்டு பழைய குடைக்கம்பி. அதன்மேல் அடுக்கியவை மருந்துக் குப்பி மூடிகள். கடையில் வாங்கியது பசை மட்டுமே.

அவன் சமைத்தது, 1968இல் வெளிவந்த '2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி' என்னும் திரைப்படத்து டிஸ்கவரிக் கலம். ஸ்டான்லி குப்ரிக்குடன் சேர்ந்து அதன் கதையை எழுதிய ஆர்தர் சி. கிளார்க், 1956 முதல் 2008இல் மறையும்வரை நம் இலங்கையில் வாழ்ந்தவர். படத்துக்கெனச் செய்த பெரிய மாதிரி ஏறக்குறைய 54 அடி நீளம். அங்கேயும் நுணுக்க வேலைக்கு உதவியவை, பிள்ளைகள் ஒட்டி விளையாடும் பிளாஸ்ரிக் விமானங்களின் துண்டுகளே! நம் மாணாக்கன் அடியை அங்குலமாக்கி, 54 அங்குலத்தில் முடித்தான்.

பின்னர்தான் எழுந்தது வழக்கு. அணுசக்தியால் இயங்கும் கலத்துக்கு வெப்பம் கழிக்கும் அகன்ற தகடுகள் வேண்டும். வெற்றிடத்திலே வெப்பத்தை ஏந்திச் செல்லக் காற்றேது? கதிராகவே அது வெளியேற வேண்டும். முதல் வரைபடங்களில் அத்தகடுகள் இருந்தன. பார்ப்போர் அவற்றைச் சிறகென மயங்குவர் என்று கருதி நீக்கிவிட்டனர்.

"சேர், படத்தைப்போலச் செய்வதா, பௌதிகத்துக்கு ஏற்பச் செய்வதா?" என்றான்.

கண்காட்சிக்கு இரண்டே நாள். நடுவர்கள் படத்தோடு ஒப்பிட்டுப் புள்ளி குறைப்பார்களே என்று நான் தயங்கினேன், ஆசிரியர் புத்தி! அவனோ பால்மாப் பேணியை வெட்டத் தொடங்கிவிட்டான்.

பரிசு கிட்டவில்லை. "இதற்கு ஏன் தம்பி சிறகு?" என்று கேட்ட ஒவ்வொருவரையும் அவன் கால்மணி நேரம் விடவுமில்லை.